அந்த வார்த்தை வேண்டாம் என்றார் ஏகநாதன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. எனக்குக் கட்டைவிரலில் ஒரு பிடிப்பு, எழுதுகிறவனுக்கு வருகிற சில்லறைக் கோளாறு. அவருக்குக் கால். ‘கால்’ என்று மட்டும்தான் முதலில் சொன்னார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்தால் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். இவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதுங்க சார். ஆனா பேரு போடாதீங்க. பட்டறை பேரும் வாணாம். அப்புறம்…” என்று சுற்றிலும் பார்த்தார். “அந்த வார்த்தையும் வாணாம்.”

பெயரை மாற்றிவிட்டேன். ஏகநாதன் என்பது நான் வைத்தது. ஊர் பம்மல்தான், ஆனால் தெருவைச் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை ஒரே ஒரு தரம் எழுதிக்கொள்ள அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு தடவை தோற்றேன்.

‘ஏகநாதனின் பாதங்கள் அவரை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தன, கரையை விட்டு நகரும் படகைப்போல’ [விட்டுவிட்டேன். அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அவரிடம் படித்துக் காட்டினால் “யாருக்கு சார் இது?” என்பார்.]

‘ஏகநாதனின் அப்பா காலத்தில் பம்மலில் அவர்களுக்கு நஞ்சை நிலம் இருந்தது. அது மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது’ [இதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் எவர் கதையும் இப்படித்தான் தொடங்கும். நிலம் விற்றதில் மிஞ்சியதை வைத்து அவர் ஒரு செருப்புத் தயாரிக்கும் பட்டறை போட்டார் என்பது மட்டும் நமக்குப் போதும். பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க். தோல் வெட்ட, தைக்க, ஒட்ட என்று பத்துப் பன்னிரண்டு பேர்.]

அதனால் சந்தையிலிருந்து தொடங்குகிறேன்.

சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் தையல் மெஷினுக்கு ஒரு பழைய மோட்டார் கிடைக்குமா என்று ஏகநாதன் தேடிக்கொண்டு போனார். பழைய மிக்ஸி, பழைய மின்விசிறி, உடைந்த பொம்மை, ரோஜாச் செடி எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. வெயில் தார்ச்சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“பெருசு! யோவ் பெருசு! செருப்ப வுட்டுட்டுப் போறியே!”

தன்னை இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தார். பிறகுதான் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் காலாக அந்தச் சாலையில் நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. காலைத் தூக்கிப் பார்த்தால் பாதம் முழுக்கச் சிவந்து, குதிகாலில் தோல் குமிழ்விட்டிருந்தது.

திரும்பி நடந்தார். செடி விற்கிற ஆள் ஒருவன் அந்தச் செருப்பை ஒரு குச்சியில் மாட்டித் தூக்கிக் காட்டினான். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள்.

“இன்னா தலைவரே, காலையிலயே ஏத்திக்கினியா?”

ஏகநாதன் அன்றைக்கு டீயைத் தவிர வேறெதையும் குடித்திருக்கவில்லை. ஆனாலும் சிரித்தபடி, “ஆமாப்பா, லேசா” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

“குடிகாரன்னா தெரிஞ்ச அசிங்கம் சார். இது இன்னா அசிங்கம்னே தெரியல. செருப்பு செய்யறவன் நானு. என் கால்ல செருப்பு கீதா இல்லையான்னு எனக்கே தெரியலன்னா எவன்கிட்ட போய் சொல்றது?”

3

உடம்பு படுகிற பாட்டைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மரத்துப்போகிறது, மதமதக்கிறது, குறுகுறுக்கிறது, சுருக்கென்கிறது, காந்துகிறது, விண்ணென்று தெறிக்கிறது. ஏகநாதனுக்கு இவ்வளவும் இருந்தன. சில நாள் ஒரே பாதத்தில், ஒரே நேரத்தில். கிள்ளினால் தெரியாது, போர்வை நுனி பட்டால் உயிர் போகும். உணர்ச்சியே இல்லாத கால் எப்படி எரியும்? அவருக்கும் விளங்கவில்லை.

முதலில் தெரு முனை டாக்டர் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இல்லை. “அதுவும் இல்லையா!” என்று டாக்டரே ஏமாந்துபோனார். அடுத்தவர் எலும்பு டாக்டர். இடுப்பை ஸ்கேன் எடுத்ததில் ஒரு தட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. இந்த வயதில் யாருக்குத்தான் பிதுங்கவில்லை. பெல்ட் போட்டுவிட்டார். பெல்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டது, கால் தன் போக்கில் இருந்தது. பிறகு வைட்டமின் ஊசி. போட்ட அன்றைக்கு நன்றாக இருப்பதுபோல் இருக்கும். மூன்றாவது டாக்டர் குடிப்பீர்களா என்று கேட்டார்.

“எப்பயாச்சும் சார். கல்யாணம் காட்சின்னா.”

“உண்மையச் சொல்லுங்க. சொன்னாத்தான் வைத்தியம்.”

சொன்னது உண்மைதான். டாக்டர் எதையோ எழுதியபடி தனக்குள் சிரித்துக்கொண்டார். சந்தையில் பொய்யாக ஒப்புக்கொண்டதை இங்கே மெய்யாக மறுக்க முடியவில்லை. அங்கே மறுபடி போகவில்லை அவர்.

வீட்டில் மனைவி தையல்நாயகியிடம் இடுப்பு வலி என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். இடுப்பு மரியாதையான உறுப்பு. மூட்டை தூக்கினவன், உழைத்தவன் என்று அர்த்தம். நரம்பு அப்படியில்லை.

[இங்கேதான் அந்த வார்த்தை. தாம்பரம் ரயிலடிக்கு வெளியே, மேம்பாலத் தூணில், கட்டணக் கழிப்பறைச் சுவரில், மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்குமே, நரம்புத் தளர்ச்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைப் படித்துவிட்டு ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரித்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். டாக்டர்கள் நியூரோபதி என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது சுவரொட்டியின் சொல். ஆண்மை என்கிற சொல் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே வரும். கால் மரத்துப்போன ஓர் ஆள் தன் நோயைச் சொல்ல முடியாமல் போனதற்கு நம் சுவர்களும் ஒரு காரணம். போதும், இனி இந்த வார்த்தை வராது.]

4

ஆனால் ஏகநாதன் அந்தச் சுவரொட்டியில் இருந்த இடத்துக்கே போனார்.

வேறு வழி தெரியவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் மாதத்துக்கு ஒருநாள் வந்து தங்கும் வைத்தியர். தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மாடி ஏறினார். கால் சரியாகப் பாவாததால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. கீழே இருந்த பையன்கள் அதற்கும் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

வைத்தியர் காலைப் பார்க்கவேயில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி?” என்று கேட்டார்.

“எது எப்படி?”

“எல்லாம்தான். கூச்சப்படாமச் சொல்லுங்க.”

ஐம்பதைத் தாண்டிய மனிதர், மகளைக் கட்டிக்கொடுத்தவர், அந்த லாட்ஜ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொன்னால் கால் சரியாகிவிடும் என்று நினைத்தார். வரும்போது கையில் ஒரு லேகிய டப்பா. அதன்மேல் முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை.

அதை ஸ்கூட்டர் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்தார். மழை வந்தால் மழைக்கோட்டை எடுப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் குதிரை நின்றுகொண்டிருந்தது.

“இன்னாங்க இது?” என்றார் தையல்நாயகி.

“எது?”

“கண்ணு தெரியலையா? குதுர.”

ஏகநாதன் இட்லியைப் பிட்டார்.

“யாருங்க அவ?” குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. “என்கிட்ட வந்தே எவ்ளோ காலமாவுது. அப்ப இது யாருக்கு?”

“ஐயோ, அப்டிலாம் ஒண்ணுமில்லடி.”

“அப்ப எதுக்கு?”

ஏகநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, இடது காலைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. தையல்நாயகி திடுக்கிட்டுப் பார்த்தார்.

“கிள்ளு.”

“இன்னா வெளையாட்டு இது?”

“கிள்ளுடி.”

கோபத்தில் இருந்தவர் நன்றாகவே கிள்ளினார். ஏகநாதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிள்ளிட்டியா?” என்று கேட்டார்.

தையல்நாயகியின் முகம் மாறிப்போனது. பெருவிரலில் கிள்ளினார். பாதத்தில் கிள்ளினார். “இங்க?” “இல்ல.” “இங்க?” “இல்ல.” கணுக்காலைத் தாண்டி, ஆடுசதையின் பாதிக்கு வந்த பிறகுதான், “ஆங், இங்க தெரியுது” என்றார் ஏகநாதன். தையல்நாயகி கிள்ளிய இடமெல்லாம் வரிசையாகச் சிவந்திருந்தது.

“இத்த சொல்றதுக்கா இவ்ளோ வெக்கம்?” என்று கேட்டுவிட்டு அந்தக் காலை மடியிலிருந்து இறக்காமலே அழுதார்.

[லேகியத்தை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “அத்த வுடுங்க சார்” என்றார்.]

5

கிழக்குத் தாம்பரத்து மருத்துவரை விசாரித்துக் கண்டுபிடித்தது தையல்நாயகிதான். ஸ்கூட்டரை அவரே ஓட்டினார். இவர் பின்னால் உட்கார்ந்து போனார். பம்மலில் அப்படிப் போவதைப் பார்த்து “இன்னா மாமா, லைசென்ஸ் புடுங்கிட்டாங்களா?” என்று ஒருவன் கேட்டான். அதற்கும் சிரித்துவைத்தார்.

டாக்டர் சின்மயிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஓர் இசைக்கவையைத் தட்டி அவர் பெருவிரலில் வைத்து, “அதிர்றது தெரியறதா?” என்று கேட்டார்.

“லேசா” என்றார் ஏகநாதன். தெரியவில்லை. பரீட்சையில் தோற்பதுபோல் இருந்ததால் அப்படிச் சொன்னார்.

டாக்டர் கவையின் அதிர்வைக் கையால் நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார். “இப்போ?”

“லேசா.”

“இப்போ அதிரவே இல்லையே சார்” என்று மெதுவாகச் சொன்னார். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கோ. அதுல ஒரு தப்பும் இல்லை.”

காலில் மின்சாரம் வைத்து நரம்பைச் சோதித்தார்கள். இரண்டு காலிலும் நரம்பு மந்தமாகியிருந்தது. அதன் பிறகு டாக்டர் கேட்ட கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“என்ன வேலை பண்றேள்?”

“செருப்பு பட்டறை. பம்மல்ல.”

“ஒட்டறதுக்கு என்ன யூஸ் பண்றேள்?”

“சொல்யூஷன்தான். டின்னுல வரும்.”

“அந்த ரூம்ல காத்து வருமா?”

முன்பு வந்தது. பக்கத்தில் ஃப்ளாட் வந்த பிறகு, வாசனை தாங்கவில்லை, குழந்தைகள் இருக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்து வந்து பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். சாத்திவிட்டார். சாத்தினால் புழுங்குமே என்று ஒரு ஏசி வாங்கி மாட்டினார். பட்டறையில் ஏசி இருக்கிற ஒரே இடம் அதுதான் என்பதால் தன் மேசையையும் அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். நாள் முழுக்க அங்கேதான் இருப்பு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சில பசைகளில் ஹெக்சேன் என்று ஒன்று இருக்கும், அது ஆவியாகி மூச்சோடு உள்ளே போய் நரம்பைக் கெடுக்கும், உடம்பில் நீளமான நரம்பு காலுக்குப் போவதுதான் என்பதால் அங்கே முதலில் தெரியும் என்று விளக்கினார். டின்னைப் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். [டின்னில் இருந்தது. படம் எடுத்து அனுப்பியதும் டாக்டரே போனில் கூப்பிட்டுச் சொன்னார்.]

“செரியாவுமா டாக்டர்?”

“அதுலேர்ந்து விலகிட்டா மெதுவா ஆகும். முழுசா ஆகுமான்னு இப்போ சொல்ல முடியாது. முதல்ல சில மாசம் இன்னும் மோசமாற மாதிரிகூட இருக்கும். பயந்துடாதீங்கோ. எரிச்சலுக்கு மாத்திரை தரேன்.”

ஏகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. குடியில்லை. பாவமில்லை. கல்யாணத்துக்கு முந்திய எதுவுமில்லை. வெறும் பசை! தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார். இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் அது ஒரு நல்ல மருத்துவக் கதை. பத்திரிகைகள் விரும்பிப் போடும்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் கேட்டார். “உங்களோட வேலை பண்றவா யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?”

“இல்ல டாக்டர்” என்றார் ஏகநாதன், உடனே.

6

சந்திரிகாவை நான் முதல் பகுதியிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். கதைத் தொழில் அப்படித்தான் சொல்கிறது. முக்கியமான ஆளைப் பாதிக் கதை தாண்டிய பிறகு வாசகர் முன் நிறுத்துவது ஏமாற்று வேலை. ஆனால் இதுவரை அவள் வராததற்குக் காரணம் நானில்லை. ஏகநாதனுக்கே அவள் நினைவில் இல்லை. டாக்டரிடம் அவர் சொன்ன ‘இல்ல’ பொய்யா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பொய்யாக இருந்திருந்தால் தேவலை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார்.

திரும்பி வரும்போது பல்லாவரம் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. எதிரே ஒரு பெண் சாலையைக் கடந்து போனாள். சாதாரணமாகத்தான் நடந்தாள். அவளுடைய ஒரு செருப்பு வார் அறுந்து தரையில் ‘தப், தப்’ என்று அடித்தது. அந்தச் சத்தத்தில் ஏகநாதனுக்குச் சந்திரிகாவின் நடை நினைவுக்கு வந்தது.

சந்திரிகா ஒட்டு மேசையில் வேலை செய்தவள். கை அவ்வளவு வேகம். அவளை வேலைக்குக் கூட்டிவந்தது லாசரஸ், அவள் தெருக்காரன், இன்றைக்கும் அதே மேசையில் பிரஷ் பிடிப்பவன். ஜன்னல் சாத்திய கொஞ்ச காலத்தில் சந்திரிகா பிரஷைக் கீழே போட ஆரம்பித்தாள். நிலைப்படியில் தடுக்கினாள். பாதம் தூக்க வராமல் தரையில் தப் தப்பென்று அடித்து நடந்தாள். ஒருநாள் ஒட்டிய செருப்புகளை அடுக்கியிருந்த தட்டோடு விழுந்தாள். கம்பெனி வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம்.

“வேல செய்ய இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போ. நொண்டி நாடகம்லாம் இங்க வாணாம்” என்றார் ஏகநாதன்.

“நாடகம் இல்ல சார். கால் மதமதன்னு கீது சார். நெஜமாத்தான்.”

அப்போது ஏகநாதன் மேசையிலிருந்து எழுந்து, எல்லார் முன்னாலும் அவளைப்போல நடந்து காட்டினார். தப், தப் என்று சுவர்வரை போய்த் திரும்பினார். எல்லாரும் சிரித்தார்கள். லாசரஸும் சிரித்தான். அன்று மாலை போனவள் மறுபடி வரவில்லை.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. தீபாவளிக்கு வேலையாட்களின் பிள்ளைகளுக்கெல்லாம் கால் அளவெடுத்துச் செருப்பு செய்து கொடுக்கிறவர், ஒரு வயிற்றுப் பிழைப்புக்காரியின் நடையை நடித்துக் காட்டுவாரா? ‘நடந்து காட்டினார்’ என்ற வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அவரை எனக்குப் பிடித்துப்போனது. அதனால் வரியைத் திரும்ப வைத்துவிட்டேன். இதைச் சொல்லும்போது ஏகநாதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சத்தம் வைக்கப்படவில்லை.]

பச்சை சிக்னல் விழுந்தது. “இன்னாங்க, நல்ல சேதி கேட்டும் மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்டபடி தையல்நாயகி வண்டியை எடுத்தார்.

7

அந்த வாரமே ஜன்னல்களைத் திறந்துவிட்டார். பழைய டின்களை ஒழித்துத் தண்ணீரில் கரையும் பசைக்கு மாறினார். அது காய நேரம் பிடிக்கும், வேலை தேங்கும். ஃப்ளாட்டிலிருந்து மறுபடி வந்து கேட்டபோது, “தெறந்துதான் இருக்கும் சார், மன்னிச்சுக்குங்க” என்று சொல்லியனுப்பினார். இவ்வளவும் நல்ல காரியங்கள்தான்.

ஆனால் ஏன் என்று லாசரஸ் கேட்டபோது, “கம்பெனில மாத்தச் சொல்லிட்டான்” என்றார்.

“பழசு நல்லாத்தானே சார் புடிச்சிது?”

“நமக்கு இன்னா தெரியும். சொன்னா செய்யணும்.” பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல், “உன் காலு எப்டி கீது லாசரஸ்?”

“காலா? நல்லாதான் கீது. ஏன் சார்?”

“சும்மா.”

அதன் பிறகு தினமும் லாசரஸின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்குகிறானா, செருப்பு நழுவுகிறதா. கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொல்லி டாக்டரிடம் அனுப்புவது ஒரு மணி நேர வேலை. அது மட்டும் முடியவில்லை. சொன்னால் ‘அப்ப சந்திரிகா?’ என்று அவன் கேட்பான்.

டாக்டர் சொன்னதுபோலவே கால் மோசமாகியது. விலகிய பிறகும் விஷம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் போகும்போல. பாதம் தொங்கத் தொடங்கியது. ஒருநாள் பட்டறை வாசலிலிருந்து உள்ளே வரும்போது தன் காலடிச் சத்தத்தைத் தானே கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்.

மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் தணித்தது. கூடவே ஒரு மந்தம். அந்த மந்தத்தில் நாட்கள் ஓடின. கடைசியில், சந்திரிகாவைப் பற்றி அவர் சொல்லக் கேட்ட தையல்நாயகி, “அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்றேன்” என்றார்.

8

அவர் போனார். ஆனால் நடந்ததை எழுதுவதற்கு முன் நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: சந்திரிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘தெரியாமத்தானே சார் செஞ்சீங்க’ என்று டீ போட்டுக் கொடுக்கிறாள். இரண்டாவது: வீடு பூட்டிக் கிடக்கிறது. காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார்கள். மூன்றாவது: அவள் நடக்கவே முடியாமல் படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஏகநாதன் காலில் விழுந்து அழுகிறார்.

மூன்றையும் வாசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. மூன்றுமே அவருக்கு வசதியானவை. மூன்றாவதும்கூட. அழுதுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பம்மலில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள குறுகலான தெரு. தண்ணீர் லாரி வந்துபோயிருந்தது. சந்திரிகா இடுப்பில் குடத்தோடு நேராக, நன்றாக நடந்துவந்தாள். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தவரைப் பார்த்ததும் குடத்தை இறக்கினாள்.

“சார்… ஒங்களுக்குமா?”

அவளே ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டாள். தையல்நாயகி வண்டிப் பக்கமே நின்றுகொண்டார்.

“பயப்படாதீங்க சார். எனக்கும் ரொம்ப மோசமாத்தான் இருந்துச்சு. வேலைய வுட்டு நின்னு கொஞ்ச மாசத்துல தானா வுட்டுச்சு. இப்ப ஒரு ஸ்கூல் கேன்டீன்ல கீறேன். எங்க அத்த ஆத்தாவுக்குக் கூழு ஊத்துச்சு, அதான் வுட்டுச்சுன்னு சொல்லுது.” உள்ளே போய் ஒரு சீசா எடுத்து வந்தாள். “இந்த எண்ணெயத் தேச்சுப் பாருங்க சார். எனக்குக் கேட்டுச்சு.”

ஏகநாதன் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வண்டிப் பக்கமிருந்து தையல்நாயகி இருமுவது கேட்டது.

“வூட்ல… ரொம்ப கஷ்டப்பட்டியா?” என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். “கால்ல சூடு பட்டது தெரியல, புண்ணாயிடுச்சு சார். உணர்ச்சி இல்லன்னதும் அந்தப் பெரிய வியாதின்னு நெனச்சிட்டாங்க. ஆஸ்பத்திரில இல்லவே இல்லன்னு சொன்னாங்க. எங்க அத்த நம்பல. எனக்குத் தனித் தட்டு, தனி லோட்டா. புள்ளைங்களப் பக்கத்துல படுக்க வுடல. அவரும் ஒண்ணும் பேசல. கால் சரியாயி எவ்ளோ நாளாவுது, இன்னமும் தட்டு தனிதான். நானும் இன்னா பாவம் பண்ணேனோன்னு இருந்துட்டேன்.”

ஏகநாதன் சீசாவைத் தரையில் வைத்தார்.

“பாவம் இல்ல சந்திரிகா. பசை.”

“இன்னா சார்?”

“நம்ம சொல்யூஷன். அதுல கீற மருந்துதான் காலுக்குப் போவுது. டாக்டர் சொல்லிட்டாங்க. ஜன்னல சாத்துனது நானு. ஒனக்கு வந்ததும் அதான், எனக்கு வந்ததும் அதான். நீ நெஜமாத்தான் சொன்ன. நான்தான்…” [இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை.]

சந்திரிகா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ‘அவள் முகத்தில் கோபம் இல்லை’ என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். இருந்தது. அது யாரை நோக்கிப் போகும் என்பதுதான் தெரியவில்லை.

அவள் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அத்தே! இங்க வா.”

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இன்னாடி, யாரு இது?”

“எங்க பழைய ஓனரு. ஒக்காரு. சார் ஒண்ணு சொல்றாரு, கேளு.” சந்திரிகா ஏகநாதன் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க சார். இப்ப சொன்னீங்களே, அதயே மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

ஏகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ முனகினார்.

“இன்னா சொல்றாரு?” என்றார் கிழவி.

“அத்தைக்குக் காது மந்தம் சார்” என்றாள் சந்திரிகா. “சத்தமாச் சொல்லணும்.”

9

எதிர் வீடு லாசரஸினுடையது. மாதா கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்த்தபடி, “இன்னா சார், இம்மாந் தூரம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். குழாயடியில் இரண்டு பெண்கள். மாடியில் துணி காயப்போடுகிறவள் ஒருத்தி. அந்தத் தெருவில் காது மந்தமான ஒருவருக்குக் கேட்கும்படி எதைச் சொன்னாலும் அது எல்லாருக்கும் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஏகநாதன் என்னிடம் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் மெதுவாகத்தான் சொல்வார். இத்தனை பக்கம் அவர் காலோடு நடந்ததில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது, குரலைத் தணித்துவிடுவேன். ‘கிழவிக்குக் கேட்டதா என்று தெரியவில்லை’ என்று ஒரு நயமான வரியைப் போட்டுக் கதையை மூடிவிடுவேன். அப்படி ஒன்றை எழுதியும் பார்த்தேன். நன்றாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீங்கள் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் இல்லை. அவர் தீபாவளிச் செருப்பு உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கிழவி படியில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருக்கிறார். சந்திரிகா குடத்தை எடுக்காமல் நிற்கிறாள். ஏகநாதன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார், வாயையும் திறந்துவிட்டார்.

சத்தத்தை நீங்கள் வையுங்கள்.